சுத்தம் செய்யப் போய்…

"உங்கள் கணினியில் 1,386 பிழைகள் உள்ளன. உடனே சரிசெய்யவும்."

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள், எங்கள் வீட்டுக் கணினியின் திரையில் சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில் இந்த வாசகம் தோன்றியது. அதை வாசித்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பிழைகள்! இத்தனை பிழைகளோடா இந்தக் கணினி இவ்வளவு காலமும் ஓடிக்கொண்டிருந்தது?

அந்தச் செய்தியைக் காட்டியது, சில நிமிடங்களுக்கு முன் நானே இணையத்திலிருந்து பதிவிறக்கிய ஓர் இலவச மென்பொருள். "ரெஜிஸ்ட்ரி கிளீனர்" என்று அதற்குப் பெயர். கணினி மெதுவாக இயங்குகிறது என்று தேடியபோது கிடைத்தது. நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாகக் கற்பவள். வீட்டில் கணினி சம்பந்தமாக எது என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பெருமையும் சேர்ந்துகொள்ள, "எல்லாவற்றையும் சரிசெய்" என்ற பொத்தானை அழுத்தினேன். அதற்கு முன் "மாற்றங்களுக்கு ஒரு காப்புப் பிரதி எடுக்கவா?" என்று அது கேட்டது. நேரம் போகும் என்று நினைத்து "வேண்டாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லின் விலை என்ன என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில், நான் அன்று எதைத் துடைத்தேன் என்பதை விளக்க வேண்டும். ஏனெனில் அதை அழுத்தும்போது எனக்கே அது தெரியாது.

ரெஜிஸ்ட்ரி என்றால் என்ன?

நமது கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இயங்குகின்றன. அந்த விண்டோஸ் தனக்கும், தன்னில் நிறுவப்பட்ட மென்பொருள்களுக்கும், பொருத்தப்பட்ட சாதனங்களுக்கும் வேண்டிய அமைப்புக் குறிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பெரிய பதிவேடுதான் ரெஜிஸ்ட்ரி.

கணினியை இயக்கும்போது எந்தச் சாதனத்துக்கு எந்த இயக்கி மென்பொருளை ஏற்ற வேண்டும், ஒரு படத்தின் மீது இருமுறை சொடுக்கினால் எந்த மென்பொருளில் திறக்க வேண்டும், தமிழ் விசைப்பலகை நிறுவப்பட்டிருக்கிறதா, அச்சுப்பொறியின் பெயர் என்ன, கணக்கு மென்பொருளுக்குப் பணம் செலுத்தி உரிமம் பெறப்பட்டதா என்பன போன்ற இலட்சக் கணக்கான குறிப்புகள் அதில் இருக்கின்றன.

ஆரம்பத்தில் இப்படி ஒரு பொதுப் பதிவேடு இருக்கவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் குறிப்புகளைத் தனித்தனிச் சிறு கோப்புகளில் எழுதி வைத்தது. 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1இல் ரெஜிஸ்ட்ரி சிறிய அளவில் அறிமுகமானது. 1995இல் வந்த விண்டோஸ் 95 முதல் அதுவே முழு முறைமையின் மையப் பதிவேடாகிவிட்டது. எல்லாம் ஓரிடத்தில் இருப்பது வசதிதான். ஆனால் அந்த ஓரிடம் பழுதானால் எல்லாமே தடுமாறும் என்பதும் அதனோடு சேர்ந்தே வந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நமது கடிதங்கள், படங்கள், பாடக் குறிப்புகள் ஆகியன ரெஜிஸ்ட்ரியில் இல்லை. அவை வன்தட்டில் தனிக் கோப்புகளாக இருக்கின்றன. ரெஜிஸ்ட்ரி பழுதானாலும் அவை அழிவதில்லை. இதை அன்று நான் அறிந்திருந்தால் எங்கள் வீட்டில் நடந்தது நடந்திராது.

இடாப்பில் பெயர் வெட்டுதல்

ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் எப்படி வேலை செய்கின்றன? பதிவேட்டை வரிவரியாகப் பார்க்கின்றன. ஒரு வரி, "இந்தக் கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது" என்று சொல்லும். அந்த இடத்தில் போய்த் தேடும்போது கோப்பு இல்லையென்றால், அந்த வரியைப் "பிழை" என்று எண்ணிக்கொள்கின்றன. பிறகு அதை அழித்துவிடலாம் என்கின்றன.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் பாட ஆசிரியை இதை விளக்கியபோதுதான் அதிலுள்ள ஆபத்து எனக்கு விளங்கியது. அவர் மேசையிலிருந்த வரவு இடாப்பைத் தூக்கிக் காட்டினார்.

"எங்கட பாடசாலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் வந்து இந்த இடாப்பைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாக வராத பிள்ளைகளின் பெயர்களை எல்லாம் 'தேவையில்லை' என்று வெட்டிவிடுகிறார். ஒரு பிள்ளைக்கு அம்மை. இன்னொரு பிள்ளை பெற்றோரோடு உம்றாவுக்குப் போயிருக்கிறாள். மற்றவள் தமிழ்த்தினப் போட்டிக்குப் போயிருக்கிறாள். மூவரும் திரும்பி வந்தால் என்ன நடக்கும்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணினியிலும் இதே கதைதான். அன்று பொருத்தப்படாமல் இருந்த வெளி வன்தட்டில் உள்ள கோப்பைக் குறிக்கும் வரி கிளீனருக்குப் பிழையாகத் தெரியலாம். நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அச்சுப்பொறியின் வரியும், இரண்டு மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு கூறின் வரியும், ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரம் தேவைப்படும் ஒரு வசதியின் வரியும் அப்படியே தெரியலாம். சில மென்பொருள்கள் தமது உரிமக் குறிப்பை வழக்கத்துக்கு மாறான முறையில் பதிந்து வைக்கும். அதுவும் குப்பையாகத் தெரியலாம். வராதவர் யார், விலகியவர் யார் என்பது வகுப்பாசிரியைக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. கிளீனர் வெளியிலிருந்து வந்தவர்.

எல்லா வரிகளும் அவசியமானவை என்று நான் சொல்லவில்லை. அகற்றப்பட்ட மென்பொருள்களின் மிச்சம் ரெஜிஸ்ட்ரியில் கிடப்பது உண்மையே. ஆனால் அவற்றால் பெரிய தீங்கில்லை. பாடசாலையை விட்டு விலகிய ஒரு மாணவியின் பெயர் இடாப்பின் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் பாடம் தடைப்படுவதில்லை.

கணினி வேகமாகுமா?

கிளீனர்கள் தரும் பெரிய வாக்குறுதி வேகம். 1,386 வரிகளை நீக்கினால் கணினி பறக்கும் என்று நானும் நம்பினேன்.

ரெஜிஸ்ட்ரி ஒரு மரம் போலக் கிளை கிளையாக ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. ஒரு குறிப்பைத் தேடும் விண்டோஸ் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பதில்லை. அகராதியில் "மழை" என்ற சொல்லைத் தேடும் நாம் "அ"விலிருந்து ஆரம்பிக்கிறோமா? நேரே "ம" இருக்கும் பக்கத்துக்குத்தான் போகிறோம். அதைப் போலவே விண்டோஸும் வேண்டிய கிளைக்கு நேரே போகிறது. அகராதியின் வேறு பக்கங்களில் இருக்கும் ஆயிரம் பழைய சொற்களை வெட்டியெடுத்தாலும் "மழை" விரைவாகக் கிடைக்கப்போவதில்லை. இலட்சக் கணக்கான குறிப்புகளில் ஆயிரம் நீங்கினால் நாம் உணரக்கூடிய வித்தியாசம் எதுவும் ஏற்படாது.

ஆக, கிடைக்கும் நன்மை இல்லை என்றே சொல்லலாம். வரக்கூடிய நட்டமோ பெரிது. கணினி பற்றி நன்கு அறிந்தவர் ஒரு குறிப்பிட்ட கோளாறைத் திருத்துவதற்காக, தான் அறிந்த ஒரு வரியை மாற்றுவது வேறு விடயம். புதியவர் ஒருவர் ஆயிரம் வரிகளைப் பார்க்காமலே அழிப்பது முற்றிலும் வேறு.

விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசொப்ட் நிறுவனமே 1990களில் ரெக்கிளீன் என்றொரு கருவியை வழங்கி, பின்னர் அதைக் கைவிட்டது. இன்று அந்நிறுவனம் இத்தகைய கருவிகளின் பாவனையை ஆதரிப்பதில்லை என்றும், அவற்றால் ஏற்படும் கோளாறுகளுக்குத் தான் பொறுப்பில்லை என்றும் அறிவித்திருக்கிறது.

பயத்தை விற்கும் வியாபாரம்

அப்படியானால் இந்த மென்பொருள்கள் ஏன் இவ்வளவு பெரிய எண்ணிக்கைகளைக் காட்டுகின்றன? பலவற்றில் பரிசோதனை இலவசம், திருத்துவதற்குத்தான் பணம். எண்ணிக்கை கூடினால் பயம் கூடும். பயம் கூடினால் விற்பனை கூடும்.

ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில், 2008ஆம் ஆண்டு செப்டெம்பரில், மாநிலச் சட்டமா அதிபர் இப்படியான ஒரு வியாபாரத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். "ரெஜிஸ்ட்ரி பழுதடைந்துவிட்டது" என்ற பொய்யான எச்சரிக்கைகள், விண்டோஸே சொல்வது போன்ற தோற்றத்தில், மக்களின் திரைகளில் தோன்றச் செய்யப்பட்டன. பயந்தவர்களுக்கு ரெஜிஸ்ட்ரி கிளீனர் எக்ஸ்பி என்ற மென்பொருள் 39.95 டொலருக்கு விற்கப்பட்டது என்பதே குற்றச்சாட்டு.

2019இல் வெளிவந்த இன்னொரு விவகாரம் எனக்கு இதைவிட ஆச்சரியமாக இருந்தது. ஒபிஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடரும் அதற்கு மென்பொருள் வழங்கிய நிறுவனமும் சேர்ந்து 350 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டன. அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் குற்றச்சாட்டின்படி, கடைக்கு வருபவரிடம் முதலில் சில கேள்விகள் கேட்கப்பட்டன. கணினி மெதுவாக இருக்கிறதா என்பது அவற்றில் ஒன்று. ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் பதியப்பட்டால் போதும், பரிசோதனையில் எது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கணினியில் தீங்கு நிரல் அறிகுறி இருப்பதாக முடிவு காட்டப்பட்டது. மெதுவாக இருக்கிறது என்று நம் வாயால் சொன்னதையே திருப்பிக் காட்டி நம்மைப் பயமுறுத்துவது! அன்று நானும் "கணினி மெதுவாக இருக்கிறது" என்று தேடித்தானே அந்த மென்பொருளிடம் போய்ச் சேர்ந்தேன்.

சுத்திகரிப்புக் கருவியை நேர்மையானவர்களே தயாரித்தாலும் அதற்குள் ஆபத்து நுழையலாம். 2017இல் சீகிளீனர் என்ற பிரபலமான கருவியின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே விஷமிகள் தமது நிரலைச் சேர்த்துவிட்டனர். கண்டுபிடிப்பதற்குள் சுமார் 22 இலட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அப்பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. கணினியின் உள்வீடு முழுவதையும் திறந்து பார்க்க ஒரு மென்பொருளுக்கு அனுமதி கொடுக்கும்போது, அதன் பின்னால் வருபவர்களுக்கும் கதவு திறக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன்.

வாப்பாவுக்கு ஒரு சிறிய பலசரக்குக் கடை இருக்கிறது. ஊரில் பலர் மாதச் சம்பளத்தையோ அறுவடையையோ பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள். அதுவரை கடன்தான். அந்தக் கணக்கெல்லாம் முன்பு ஒரு தடித்த கடன் கொப்பியில் இருந்தது. ஒன்பதாந் தரத்தில் படிக்கும்போது, "கொப்பிய எலி தின்னும் வாப்பா, கொம்பியூட்டர்ல ஏத்தினாப் பத்திரம்" என்று சொல்லி, அவரைச் சம்மதிக்க வைத்தவள் நானே. ஒரு கணக்கு மென்பொருளை நிறுவி, பெயர் பெயராகப் பதிந்தேன். கொப்பி கைவிடப்பட்டது.

ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்த அன்று இரவு வாப்பா கணினிக்கு முன் இருந்தார். "என்ன மகள் இது, கடைக் கணக்கு திறக்குதில்ல" என்றார். உரிமம் இல்லை என்று மென்பொருள் சொல்லிக்கொண்டிருந்தது. "நான் பாக்கிறன் வாப்பா, நீங்க படுங்க" என்றேன். நான் செய்ததைச் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அவர் கணினி தெரிந்த யாரையாவது கேட்டிருப்பார். நானோ, இன்னும் பிழைகள் மீதமிருக்கின்றன போலும் என்று நினைத்து, எல்லோரும் உறங்கிய பின் அதே கிளீனரை மறுபடியும் ஓடவிட்டேன். இம்முறை "ஆழமான சுத்திகரிப்பு" என்பதைத் தெரிவுசெய்து எல்லாப் பெட்டிகளிலும் சரி அடையாளம் இட்டேன். கணினியை மீள இயக்கியபோது நீலத்திரை வந்தது. மறுபடி இயக்கினேன். மறுபடியும் நீலத்திரை. சுபஹு வரை அதற்கு முன்னாலேயே இருந்தேன்.

காலையில் சாச்சா அதைத் திருத்துமிடம் ஒன்றுக்குக் கொண்டுபோனார். பின்னேரம் கணினி திரும்பி வந்தது. புதிதாக, வேகமாக, வெறுமையாக. "ஃபோர்மட் பண்ணியாச்சு" என்றாராம் திருத்தியவர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நீலத்திரை வந்த நேரத்திலும் கடன் கணக்கு வன்தட்டில் பத்திரமாகவே இருந்தது. அந்த வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தியிருந்தால் எல்லாவற்றையும் பிரதி எடுத்திருக்கலாம். ரெஜிஸ்ட்ரியைக் கெடுத்தது என் அறியாமை. கணக்கை அழித்தது எங்கள் அவசரமும் என் மௌனமும்.

பிறகு நான் எல்லாவற்றையும் வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு புதுக் கொப்பி எடுத்துட்டு வா" என்றார். நினைவில் இருந்த பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தொகைகள் பல அவருக்கு நினைவில்லை.

கணினி மெதுவானால் என்ன செய்யலாம்?

இந்த அனுபவத்துக்குப் பின் ஆசிரியையிடம் கேட்டும், தேடி வாசித்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன். மாணவிகளுக்கு மட்டுமன்றி, வீட்டுக் கணினியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கும் பெற்றோருக்கும் இவை பயன்படும்.

1. முதலில் காரணத்தைத் தேடுங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். எந்த மென்பொருள் நினைவகத்தை அல்லது வன்தட்டை அதிகமாகப் பிடித்திருக்கிறது என்பதை அது காட்டும்.

2. அதிலேயே ஸ்டார்ட்அப் என்ற பகுதி உண்டு. கணினி தொடங்கும்போதே தாமாக ஓடத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் அது. தேவையற்றவற்றை அங்கே நிறுத்தி வைக்கலாம். இது அழிப்பதன்று. வேண்டுமானால் மீண்டும் இயக்கலாம்.

3. பாவிக்காத மென்பொருள்களை விண்டோஸின் அமைப்புகள் பகுதியினூடாக முறைப்படி அகற்றுங்கள். வன்தட்டு நிரம்பியிருந்தால், விண்டோஸுடன் வரும் டிஸ்க் கிளீனப், ஸ்டோரேஜ் சென்ஸ் ஆகியவற்றால் தற்காலிகக் கோப்புகளை நீக்கலாம். அவை ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வனவல்ல.

4. பழைய கணினிகள் மெதுவாவதற்குப் பெரும்பாலும் வன்பொருளே காரணம். சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவதும், ரெம் நினைவகத்தைக் கூட்டுவதும் உண்மையான வேகத்தைத் தரும். எங்கள் கணினியில் இருந்ததும் பழைய சுழலும் வன்தட்டுத்தான்.

5. சிஸ்டம் ரெஸ்டோர் என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். பல கணினிகளில் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கி, பெரிய மாற்றம் எதற்கும் முன்பு ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்கிக்கொண்டால், கோளாறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப முயலலாம்.

6. ஏற்கனவே கிளீனரைப் பாவித்துக் கோளாறு வந்திருந்தால், இரண்டாம் தடவை ஓடவிடாதீர்கள். அது எடுத்த காப்புப் பிரதி இருந்தால் மீளச் சேருங்கள். ஆனால் விண்டோஸே தொடங்காவிட்டால் அந்தப் பிரதியைத் திறப்பது கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது, "கோப்புகளைப் பிரதி எடுக்காமல் ஃபோர்மட் செய்ய வேண்டாம்" என்று வாயாலும் சொல்லுங்கள், ஒரு துண்டில் எழுதியும் ஒட்டுங்கள்.

8. முக்கியமான கோப்புகள் ஒரே இடத்தில் மாத்திரம் இருக்கக் கூடாது. பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ இன்னொரு பிரதி இருக்கட்டும்.

இவற்றோடு தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. பிழை செய்துவிட்டால் அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். மறைத்துத் திருத்த முயல்வதுதான் இரண்டாவது பிழை. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் கணினி தெரியும் என்று நம்புங்கள். ஆனால் எல்லாம் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள்.

அமானிதம்

கடன் கணக்கு அழிந்த செய்தி ஊரில் எப்படியோ பரவிவிட்டது. மூன்றாம் நாள், எங்கள் தெருவில் இருக்கும் வயதான ஒரு தாய் கடைக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய ஒரு தாளை எடுத்தார். "மகன், நான் உங்களுக்கு 2,350 ரூபா தரோணும். பேத்தி எழுதி வெச்சிருந்தா" என்றார். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள். வாப்பா யாரையும் தேடிப் போகவில்லை.

மற்றவர்களின் கொடுக்கல் வாங்கலை நாம் பதிந்து வைத்திருப்பது ஓர் அமானிதம் என்று வாப்பா பிறகொரு நாள் சொன்னார். நான் அதை வெறும் கோப்பு என்றே நினைத்திருந்தேன்.

கணக்கு இப்போது மீண்டும் கணினியில்தான் இருக்கிறது. வாப்பாதான் அதை என்னிடம் மறுபடியும் ஒப்படைத்தார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்காகக் கடை பூட்டியிருக்கும் நேரத்தில், நான் அதை இரண்டு இடங்களில் பிரதி எடுக்கிறேன். புதுக் கொப்பியிலும் மொத்தத் தொகைகளை எழுதி வைக்கிறேன். எலிக்கு எட்டாதபடி அந்தக் கொப்பியை உம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்.